எதிரெதிராய் நின்ற துணிப்பைகள்

ரேடாரை நான் நம்புவதில்லை. அதைப் பார்த்துக் காற்று வருகிறது என்று சொல்கிற ஆளையும் நம்புவதில்லை. அந்த ஆள் என் பெண்டாட்டியின் தம்பி. விமான நிலையத்தில் மேலே வானிலை அறையில் அவனுக்கு வேலை, கீழே பெட்டி இழுக்கும் டிராக்டரில் எனக்கு.

இந்த மழைக்காலத்தில் இரண்டு முறை இறங்க வந்த விமானத்தை இறங்காமல் மறுபடி மேலே ஏறச் சொல்லிவிட்டான். இரண்டு முறையும் ஒரு இலைகூட அசையவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் எங்கேயாவது மூலைக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி சொல்லியிருந்தார். மச்சினன் கைக்குழந்தைக்காரன்.

"வாயை மூடிக்கிட்டு இரேன் மாப்ள" என்றேன்.

"மேகத்துலேர்ந்து காத்து பொத்துனு விழும் மாமா. தரையில மோதி நாலாபக்கமும் செதறும். இறங்கற விமானத்த மொதல்ல எதிர்க்காத்து தூக்கிவிடும். அடுத்த நிமிஷமே பின்னாலேர்ந்து வந்து கவுத்துடும்."

தூக்கிவிட்டுக் கவிழ்க்கிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அதனால் அது மட்டும் புரிந்தது.

நேற்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. ரன்வேக்கு மேல் மட்டும் ஒரே ஒரு கருமேகம். இறங்க வந்த விமானம் தூரத்திலேயே உறுமிக்கொண்டு ஏறிப் போய்விட்டது.

அதிகாரி மச்சினனை இழுத்துக்கொண்டு கீழே வந்தார். "எங்கய்யா காத்து? காட்டு!"

அவர்கள் படியிறங்குவதற்குள் நான் பார்த்துவிட்டேன். ரன்வேயின் இரண்டு கோடியிலும் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் துணிப்பை உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் விறைத்து நின்றன. அதிகாரி பார்த்தபோது இரண்டும் துவண்டு தொங்கின.

"நான் பாத்தேன் சார். ரெண்டும் எதிரெதிரா நின்னுச்சு."

"நீங்க அவன் அக்கா புருஷன். வேற என்ன சொல்லுவீங்க?"

அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

விமானம் சுற்றிவந்து பூப்போல இறங்கியது. அதிகாரி விமானியைக் கேட்டார். "ஏறச் சொன்னாங்க, ஏறினேன். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றுவிட்டு விமானி காபி குடிக்கப் போய்விட்டார்.

"இன்னிக்கு ஷிப்ட்டோட சரி" என்றார் அதிகாரி. "நாளைக்கு ஆர்டர் வந்துடும்."

மச்சினன் டிராக்டரில் சாய்ந்தான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா."

"எனக்கு எதுக்கு வம்பு."

மேகம் முன்னைவிடக் கறுத்திருந்தது. அடுத்த விமானம் வரும் நேரம்.

"இதுக்கும் சொல்லப்போறியா?"

"தெரிஞ்சா சொல்லாம எப்படி மாமா?"

"சொல்லித் தொலை."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினான். எனக்குக் கால் கடுத்தது. இருந்தாலும் டிராக்டரிலிருந்து இறங்கிப்போய் அதிகாரியை மறித்தேன்.

"சார், உள்ள போயிடாதீங்க. அந்தத் துணிப்பை ரெண்டும் தெரியற மாதிரி இங்கயே நில்லுங்க."

"வெயில் கொளுத்துதுய்யா!"

"கொளுத்தட்டும். நான் பாத்தா செல்லாது. நீங்க பாருங்க."