எந்த ஓம்?

தக்சாயினிக்கு ஒரு பழக்கம். யார் பேசினாலும், ஆம் என்பதற்கு ஈழத்தமிழர் சொல்லும் "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடியே கேட்பாள். வீட்டில் அதற்கு, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்றுதான் பொருள். ஹனோவரில் மாணவர் விவாத மேடையிலோ அது சரணடைவு. போன சுற்றில் எதிரணி பேசப் பேச ஜெர்மன் மொழியில் "யா, யா" என்றாள். நடுவர் அதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார். அந்தச் சுற்று போயிற்று.

இன்று கடைசிச் சுற்று. வென்றால்தான் கொலோன் போட்டிக்குப் போகலாம். ஜெர்மனியில் ஞாயிறு மூடிக்கிடக்கும் கடைகளை அன்றும் திறக்கலாமா என்பது தலைப்பு. தக்சாயினியும் தோழி ஜெசிகாவும் திறக்கலாம் என்ற பக்கம்.

"இண்டைக்கும் தலையாட்டினியோ, நான் வேற ஆள் பாப்பன். கழுத்துக்குச் சீமெந்து பூசிக்கொண்டு போ," என்றாள் ஜெசிகா.

"ஓம்."

"பார், இப்பவும் ஆட்டுறாய்!"

பேசுபவரை இடைமறித்து எதிரணி கேள்வி கேட்கலாம். அனுமதிப்பது பேசுபவர் விருப்பம். ஒருவரையும் அனுமதிக்காமல் விட்டால் பயந்துவிட்டார் என்று புள்ளி குறையும். ஆகவே நான்காவது நிமிடத்தில், எழுந்து நின்ற எதிரணிக் கண்ணாடிக்காரனுக்குத் தக்சாயினி இடம் கொடுத்தாள்.

"கடையில் வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளைகளோடு இருக்கும் ஒரே நாளும் பறிபோகும், இல்லையா?"

"யா." தலையும் ஆடிவிட்டது.

ஜெசிகா பேனையை மேசையில் போட்டாள்.

இனி மறுத்தால் எடுபடாது. ஒரு வழிதான் மிச்சம்: எதிரணி சொன்னதை முழுதாக ஏற்றுக்கொண்டு, அப்படியிருந்தும் தன் பக்கமே சரி என்று காட்டுவது. பலங்கொண்டு தள்ளிய கதவு தானாகத் திறந்தால், தள்ளியவன்தானே தடுமாறுவான்?

"ஆம், பறிபோகும்," என்றாள். "என் அம்மாவுக்கு எப்போதோ பறிபோயிற்று. முதியோர் இல்லத்தில் ஞாயிறும் வேலை. பதிலுக்கு, என் பள்ளி சீக்கிரம் முடியும் புதன்கிழமையை விடுமுறையாக அவரே கேட்டு வாங்கினார். புதன்கிழமைகளில் எனக்கு அம்மா முழுதாகக் கிடைத்தார். ஓய்வுநாளைத் தெரிவுசெய்யும் அந்த உரிமையைக் கடைத் தொழிலாளருக்கும் கொடுத்துவிட்டுத் திறப்போம்."

கண்ணாடிக்காரன் மெதுவாக உட்கார்ந்தான்.

"எதிரணியின் பலமான வாதத்தை ஒளிக்காமல் ஏற்றதுதான் இவர்களுக்கு வெற்றியைத் தந்தது," என்று நடுவர் அறிவித்தார்.

வெளியே படிக்கட்டில் ஜெசிகா அவளைக் கட்டிப்பிடித்தாள். "கள்ளி! வேணுமெண்டுதானே யா எண்டு சொன்னனீ?"

"ஓம், ஓம்," என்று தலையாட்டினாள் தக்சாயினி.

ஜெசிகா பிடியை விட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எடியே, இது எந்த ஓம்?"