இறங்கினோர் எண்ணிக்கை

கதிரவன் உச்சியைக் கடந்து மேற்கே சரியத் தொடங்கியிருந்தான். காலை முழுதும் சுமந்த கால்களின் களைப்பை இன்னும் இறக்கி வைக்காத நெடுந்தெருக்கள் புழுதியும் வெயிலும் போர்த்துக் கிடக்க, கடைக்காரர் கண் செருகிச் சாய்ந்திருக்க, அலுவலகச் சாளரங்களின் பின்னே மின்விசிறிகள் வெங்காற்றையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்க, நகரம் முழுதும் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தாற் போலிருந்தது. அவ்வேளையில், படிப்பவரே, மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடியில், வெளிறிய பச்சைச் சுவர் சூழ்ந்த நடைவழியில், பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அவர்தம் மனைவியும் தங்கள் முறை வரக் காத்திருந்தனர். ஓட்டுநரின் மடியில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் குறிப்பேடு ஒன்று கிடந்தது.

உடன் பணிபுரிவோர் அவரை ஆமை என்பர். பொருத்தமான பெயர்தான், வேறென்ன சொல்ல! நிறுத்தத்தில் கடைசி ஆளின் இரண்டாம் காலும் தரையில் படும்வரை, பின்வாயிலைக் காட்டும் கண்ணாடியினின்று பார்வையை எடுக்காமல், இறங்குவோரை உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பின்னரே வண்டியை நகர்த்துவார். பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஒலியெழுப்பி ஊரையே கூட்டினாலும் அசைந்து கொடுக்கமாட்டார். இவ்வாறு ஒரே தடத்தில் போயும் வந்தும் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அண்மைக் காலமாகவோ அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. உண்டது உடம்பில் ஒட்டவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இத்தனை பாடா என்ற சலிப்பு நெஞ்சில் குடியேறிவிட்டது.

இரு வாரங்களுக்கு முன், ஆண்டுதோறும் வாங்கவேண்டிய உடல்தகுதிச் சான்றுக்காக வந்தவரின் முகத்தைக் கண்ட மருத்துவர் அம்மையார், உடனே ஒப்பமிட மறுத்துவிட்டார். மருந்தோடு ஒரு வேலையும் தந்தார்: நாள்தோறும் மாலையில், அன்று உள்ளத்துக்கு இதமாயிருந்த ஒன்றையேனும் எழுதி, பதினான்கு நாள் கழித்துக் கொண்டுவர வேண்டும். பழைய சான்று அதுவரைதான் செல்லும்; புதியது கிடைக்காவிடில் ஓட்டுநர் இருக்கை பறிபோகும்; பணிமனை மூலையில் பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் மாலை அவர் எழுதுகோலைப் பிடித்தபடி நெடுநேரம் விழித்தார். வாழ்நாளில் அவர் எழுதியறிந்தது பயணத்தாள் ஒன்றே. ஆதலால் அதைப் போலவே கோடு கிழித்து, நிறுத்தங்களை வரிசையாய் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் அன்று இறங்கியோர் தொகையைக் குறித்து வைத்தார். நாள்தோறும் அப்படியே செய்தார். எட்டிப் பார்த்த மனைவி, இருபத்தாறு ஆண்டு குடித்தனம் நடத்தியும் இந்த இதமான பட்டியலில் தனக்கொரு வரி இல்லையே என்று இடித்துக் காட்டினாள். நீ என் வண்டியில் ஏறினால்தானே இறங்குவதற்கு என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள்; ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அச்சமாகவே இருந்தது.

அழைப்பு வந்தது. மருத்துவர் ஏட்டைப் பொறுமையாய்ப் புரட்டினார்.

“எல்லாம் இறங்கினவங்க கணக்காவே இருக்கே. இதுல உங்களுக்கு நல்லா இருந்தது எது?” என்று கேட்டார்.

“அதாங்க டாக்டர். ஏறும்போது எல்லாரும் சிடுசிடுன்னுதான் ஏறுவாங்க. இறங்கும்போதுதான் அவங்கவங்க வீட்டு மொகம் வரும். அதைக் கண்ணாடியில பாத்தா எனக்கு ஒரு நிம்மதி. வேற என்னத்தை எழுதறதுன்னு தெரியலை.”

தம்மை நாடி வருவோர் பலரும் தேடிக் காணாத ஒன்றை, இம்மனிதர் தெருவுக்குத் தெரு கண்டுகொண்டே சலித்திருக்கிறாரே என்று வியந்தவராய், மருத்துவர் சான்றிதழை எடுத்து விரித்து, எழுதுகோலின் மூடியைக் கழற்றினார். மனைவி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

“கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்” என்றார் ஓட்டுநர். “ஒன்பதாம் நாளைப் பாருங்க.”

ஒன்பதாம் நாளில், பள்ளிக்கூட நிறுத்தத்தின் எதிரே மட்டும் எண் இல்லை.

“அன்னிக்கு நான் எண்ணலை. கண்ணு மூடிடுச்சு. தொறந்து பாத்தா வண்டி நகந்துகிட்டு இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா எத்தனை பேர் இறங்குனாங்கன்னு எனக்குத் தெரியாது.”

ஏதோ ஓர் எண்ணை இட்டு நிரப்பியிருந்தால் யார் கேட்டிருப்பார்? அதற்கு அவர் கை எழவில்லை. மனைவி அவர் முழங்கையை இறுகப் பற்றினாள். ஏன் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மருத்துவர் எழுதுகோலை மூடி வைத்து, ஆறு திங்களுக்கு இவர் வண்டி ஓட்டலாகாது என்று வேறொரு தாளில் எழுதித் தந்தார்.

வெளியே வந்து வெயிலில் நின்றனர். அவருடைய தடத்துப் பேருந்தே வந்தது. கால் பழகிய போக்கில் அவர் முன்புறம் சென்று ஓட்டுநர் கதவின் பிடியில் கை வைத்துவிட்டார். உள்ளிருந்தவர் திகைத்துப் பார்க்கவே, நாணித் திரும்பி, மனைவியின் பின்னே பின்வாயிலில் ஏறினார். சாளரத்தோரம் இடம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாய் நேரே மட்டும் பார்த்த தெருவை அன்றுதான் பக்கவாட்டில் பார்த்தார்.

“இந்தப் பக்கம் இவ்வளவு மரம் இருக்கா?” என்றார்.

“எப்பவும் இருக்கு” என்றாள் அவள்.

மூன்றாம் நிறுத்தம் வருமுன் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. எத்தனையோ நாளாய் வராத உறக்கம், கேளாமலே வந்து அவரைத் தழுவிக்கொண்டது. அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. அண்டை அயலார் இறங்கினர். நடத்துநர் இவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேண்டாமென்று கையசைத்தாள். வண்டி நகர்ந்தது. பிறர் நலமாய் வீடு சேரத் தாம் விழித்திருந்தவர், பிறர் ஓட்ட, வாய் சற்றே திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். தோள் மரத்துப்போன பின்னும் அவள் அசையாதிருந்தாள்.