பத்தாவது ஆள்

மூன்று வருடமாக நான் ஒரே பயணத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். பொறியியல் மாணவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு நகரம் தன் சாக்கடையை எப்படிச் சுத்தம் செய்கிறது என்று பன்னிரண்டு நாள் காட்ட வேண்டும். குறைந்தது பத்துப் பேர் சேர வேண்டும் என்பது விதி. முதல் வருடம் மூன்று பேர் சேர்ந்தார்கள்; போன வருடம் இரண்டு. இம்முறையும் ஆள் சேராவிட்டால் திட்டத்தையே எடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

"நம்ம வீட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. அதுக்குப் பத்துப் பேர் வேண்டாம், நீங்க ஒருத்தர் போதும்" என்றாள் மனைவி. நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் பயணத் திட்டத்துக்கும் குழாய்ச் சத்தத்துக்கும் வீட்டில் பழகிவிட்டார்கள்.

வெளிநாட்டுப் பயணங்களைக் கவனிக்கும் பெண் அலுவலர், பேராசிரியர்கள் உட்பட எல்லாருக்கும் அக்கா. என் விண்ணப்பத்தை ஒரு விரலால் தள்ளிவைத்தார்.

"என்ன பேரு சார் இது, 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: நேரடிக் கள ஆய்வு'? படிச்சாலே மூக்கைப் பொத்தத் தோணுது."

"உள்ளே அதுதானே இருக்கு."

"உள்ளே இருக்கறதை எல்லாம் வெளியே எழுதுவாங்களா?"

அவரே மாற்றினார்: 'நீரோடு பன்னிரண்டு நாட்கள்'. ஒரு கடற்கரைப் படத்தையும் சேர்த்தார். மறுநாள் மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அறிமுகக் கூட்டத்தில் முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "நீச்சல் உடை நாங்களே கொண்டுவரணுமா சார்?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்தான். அதை அவங்களே தருவாங்க" என்று சொல்லி, முதல் நாள் அட்டவணையைத் திரையில் போட்டேன். காலை: கசடு படியும் தொட்டி. மதியம்: அதே தொட்டி, எதிர்ப்பக்கம்.

நாற்காலிகள் நகரத் தொடங்கின. ஒருவனுக்கு வகுப்பு, ஒருத்திக்குத் தலைவலி. நீச்சல் உடைக்காரன் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். கேட்கப்போகிறவன் முகமாக அது இல்லை.

அக்கா மிச்சமிருந்த தலைகளை எண்ணினார். "ஒம்பது பேர் முழிச்சிருக்காங்க. கடைசி வரிசையில ஒரு பொண்ணு தூங்குது. அதோட பத்து. எழுப்பித் தொலைச்சிடாதீங்க சார்."

அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆழ்ந்த, நல்ல தூக்கம். அவள் பெயர் பட்டியலில் இருந்தது. நான் பேசியது எதுவும் காதில் விழுந்திருக்காது. மூன்று வருடம் அந்த ஒரு தலையில் வந்து நின்றது. போய் மேசையைத் தட்டினேன்.

"இது சாக்கடைம்மா. பன்னிரண்டு நாளும் சாக்கடைதான். கடல் கிடையாது."

அவள் கண்ணைக் கசக்கினாள். "எந்தத் தேதியிலேர்ந்து சார்?"

சொன்னேன்.

"நடுவுல ஒரு நாள்கூட வீட்டுக்கு வர முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப என் பேர் இருக்கட்டும். அந்த ரெண்டு வாரமும் எங்க அத்தை நாலு வாண்டுங்களோட வந்து என் ரூம்லதான் தங்கப்போறாங்க" என்றவள், மறுபடி மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.