மகளுக்குக் காட்டிய உதாரணம்

மகள் கணக்கில் இருபத்தெட்டு வாங்கியிருந்தாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சைக்கிள் வாங்கித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

லாரி ஓட்டும் என் மச்சான்தான் வழி சொன்னார். "வேலை பார்க்கற இடத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க மாப்ள. என் பையனை லாரியில ஒரு ட்ரிப் ஏத்தினேன். அடுத்த பரீட்சையில பிச்சு உதறிட்டான்."

சனிக்கிழமை காலையில் அவளை எங்கள் சலவைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வெளுக்க வரும் இடம் அது. உலர்த்தும் இயந்திரம் என் பொறுப்பு. எனக்கு எதிரே நீளமான மேசையில், நான் அக்கா என்று கூப்பிடும் சக தொழிலாளி துணி மடிப்பார். இரட்டைக் கட்டில் விரிப்புகளை ஒருவரால் மடிக்க முடியாது என்பதால், அவை வரும்போதெல்லாம் நான் போய் மறுமுனையைப் பிடிப்பேன். ஏழு வருடங்களாக எங்கள் வீட்டுக் கதை, அவர் வீட்டுக் கதை எல்லாம் அந்த விரிப்புகளின் குறுக்கேதான் பேசியிருக்கிறோம்.

"வாடி பெரிய மனுஷி! அப்பா ஜாடை அப்படியே இருக்கு. பரவாயில்ல, வளர வளர மாறிடும்" என்றார் அக்கா. மகள் சிரித்தாள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமலிருக்க தன் கைக்குட்டையை அவளுக்குக் கட்டிவிட்டார்.

மகள் சுற்றிலும் வேடிக்கை பார்த்தாள். கண்ணாடி மேலெல்லாம் ஆவி படிந்திருந்தது. வெள்ளை விரிப்புகள் இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல வழிந்து இறங்கின. அவளுக்கு அது பிடித்துவிட்டது போலத் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. பயம் காட்ட அழைத்து வந்தால் ரசித்துக்கொண்டு நிற்கிறாளே!

இயந்திரத்தின் இரைச்சலில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். அவள் காதருகே குனிந்து, அக்காவைக் காட்டிக் கத்தினேன்: "நல்லா பாத்துக்கோ! படிக்கலைன்னா நாளைக்கு நீயும் இவங்க மாதிரி ஊரான் படுத்த துணியை மடிச்சிட்டு நிக்க வேண்டியதுதான்!"

'படிக்கலைன்னா' என்றபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 'இவங்க மாதிரி' என்றபோது நின்றுவிட்டது. நாற்பது நிமிடத்தில் அது தானாக நிற்கும் என்று அந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

இஸ்திரிக்காரர் திரும்பிப் பார்த்தார். துணி எடுத்துப் போக வந்த டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அக்கா துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை. "பெரிய விரிப்பு வந்திருக்கு தம்பி. வந்து பிடிங்க" என்றார்.

போய்ப் பிடித்தேன். விரிப்பை உதறி, மடித்து, நடந்து போய் என் முனையை அவர் கையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டியிருந்தது. சேலைக்கு மேல் அவர் போட்டிருந்த வேலைச் சட்டையின் பொத்தானையே பார்த்தேன். மூன்றாவது விரிப்பில் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"உங்களையே காட்டியிருக்கலாமே தம்பி. நீங்களும் இங்கதானே நிக்கிறீங்க?"

என் கையிலிருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வெளுக்க வேண்டிய விரிப்பு. குனிந்து எடுத்தபோது, மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் பிடிக்கிறேன். நீங்க போங்கப்பா."

மதியம்வரை அவள்தான் பிடித்தாள். "விரிப்பைக் கழுத்துல சுத்திக்காதடி, உன்னையும் சேத்து லாரியில ஏத்திடுவாங்க" என்று அக்கா சொல்ல, இருவரும் சிரிப்பது இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலேயே மகள் கணக்கு நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து என்னிடம் கண் சிமிட்டினாள். "அட! அப்படி என்ன மந்திரம் போட்டீங்க?"

நான் மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். "ஏதாவது புரியலையாம்மா?"

"புரியுது." அவள் தலை நிமிரவில்லை. "திங்கட்கிழமை அந்தத் துணி மடிக்கிற அத்தைகிட்ட மன்னிப்பு கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

"தனியா கூப்பிட்டுக் கேக்காதீங்க. சொன்னப்போ எல்லாரும் இருந்தாங்க."

"யார்கிட்ட? எதுக்கு மன்னிப்பு?" என்றாள் மனைவி. மகள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் கத்திய அதே வாக்கியத்தை, ஒரு சொல்கூட மாற்றாமல், அந்தச் சின்ன அறையில் மெதுவாகச் சொன்னேன்.

மனைவி குழாயை மூடினாள்.