முப்பத்தொரு கிலோ

ஒரு பிள்ளையின் அறிவுப் பசிக்கு அன்று கொழும்பு வெள்ளவத்தையில் சந்தை விலை மாதம் பதினாலாயிரம் ரூபா; வான் கூலியும் சீருடையும் வேறு. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. ஆங்கிலப் பெயர்ப் பலகை வைத்த பள்ளிக்கூடங்கள் அந்தப் பசியை முழுசாக வாங்கி, ஆறே மாதத்தில் ஆற்றி, கொட்டாவி விடும் பிள்ளையைத் திருப்பி அனுப்பின. கொட்டாஞ்சேனையில் பருப்பும் மிளகாயும் மொத்தமாக விற்ற இராஜநாயகத்துக்கு இந்தப் பேரம் முதலிலேயே கட்டுப்படியாகவில்லை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஒரு கிழமையில் மனைவி சரோஜினிதேவி, “ஆரணி இனி வீட்டிலேயே படிக்கட்டும்” என்றபோது, அவர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு மனசுக்குள் பதினாலாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினார்.

“ஆர் படிப்பிக்கிறது?”

“ஒருத்தரும் படிப்பிக்கிறேல்ல. பிள்ளைக்கு முன்னால சாமானை வைச்சிட்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறது.”

“அதுக்குச் சம்பளம் இல்லைத்தானே?”

“உங்கட வாயைப் பொத்துறதுக்கு எவ்வளவு சம்பளம் தந்தாலும் காணாது.”

கடையிலிருந்து பழைய மேடைத் தராசு ஒன்று வந்தது. வட்ட முகமும் நீள முள்ளும் உள்ளது. அளவு நாடா வந்தது. எழுத்து அச்சடித்த வெறும் சாக்குகள் வந்தன. ஆறு வயது ஆரணி மூன்று மாதத்தில் சாக்குகளைப் பார்த்தே மூன்று மொழி எழுத்தும் கூட்டினாள். ஒழுங்கையில் வண்டில் தள்ளி வரும் மரக்கறிக்காரனிடம் சிங்களத்தில் எண்ணப் பழகினாள். பூசணிக்காயைச் சமைக்க முன்னும் பின்னும் நிறுத்து, மிச்ச நிறை எங்கே போனது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். வீட்டில் ஒரே சட்டம்தான்: ‘பிழை’ என்று ஒருவரும் சொல்லக் கூடாது, ‘எப்பிடித் தெரியும்?’ என்று மட்டும் கேட்கலாம்.

பின்னேரங்களில் அவள் கொப்பியில் வீட்டுக் கணக்கு எழுதுவாள். ஜன்னல் ஆறு. மின்விசிறி மூன்று. கதிரை ஐந்து. சனம் மூன்று.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சனம் நாலு என்று இருந்தது.

“வடிவா எண்ணு பிள்ளை,” என்றார் இராஜநாயகம்.

“வடிவாத்தான் எண்ணினனான் அப்பா.”

அடுத்த நாளும் நாலு. மூன்றாம் நாள் எல்லோருடைய உயரமும் எழுதியிருந்தாள். அப்பா ஐந்தடி ஆறு. அம்மா ஐந்தடி ஒன்று. ஆரணி மூன்றடி ஒன்பது. அக்கா நாலடி பத்து.

“எந்த அக்கா?”

“சாப்பாட்டு மேசையடியில இருக்கிறவ. பேர் இன்னும் சொல்லேல்ல.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வீட்டுச் சட்டப்படி, “எப்பிடித் தெரியும்?” என்றார்.

ஆரணி யோசித்தாள். கதிரையை இழுத்துக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினாள். முள் ஐந்து கிலோவில் நின்றது. “இருங்கோ அக்கா,” என்றாள். முள் அவசரப்படாமல் நகர்ந்து முப்பத்தாறில் நின்றது.

தராசைப் பொய் சொல்ல வைக்க இராஜநாயகத்துக்கு மூன்று வழிகள் தெரியும்; மூன்றும் தகப்பன் விட்டுப்போன சொத்து. குனிந்து மூன்றையும் பார்த்தார். தட்டின் அடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. சுருள்கம்பி நேராக இருந்தது. ஒருவருடைய காலும் மேடையில் படவில்லை.

“எழும்புங்கோ அக்கா.” முள் ஐந்துக்குத் திரும்பியது.

“முப்பத்தொரு கிலோ, அப்பா. அக்கா சரியான மெலிவு.”

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற சரோஜினிதேவி அரிசிப் பானையைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிரவு ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாள். பருப்பு மணி சிந்தினாலும் காரணம் கேட்கிற மனிதர், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு இருந்தது. அந்தக் காலத்தில் கொழும்புத் தமிழ் வீடு ஒவ்வொன்றும், உள்ளே இருக்கிறவர்களின் பெயர்களை ஒரு படிவத்தில் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். அவர்கள் நினைத்த நேரம் வந்து, படிவத்தைப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணுவார்கள். ஒரு தலை கூடினால் மற்றத் தலைகளுக்கும் ஜீப்பில் இடம் உண்டு. பிள்ளையிடம் கேட்டால் அவள் நாலு என்பாள்.

“மூண்டு எண்டு சொல்லச் சொல்லுவம்,” என்றார்.

“கண்டதைக் காணேல்ல எண்டு சொல்லப் பழக்கினால், அவ இனி ஒண்டையும் பார்க்க மாட்டா. நாங்கள் அவக்குச் சொல்லிக் குடுக்கிற முதல் பாடம் அதுவாயிருக்கட்டும் எண்டுறியளோ?”

“அப்ப நாலு பேரும் உள்ளுக்குப் போவம் எண்டுறீரோ?”

“நீங்கள் வியாபாரி. ஒரு வழி பாருங்கோ.”

அவர் பார்த்தார். சரக்கு கணக்குப் புத்தகத்தைவிடக் கூடினால் சரக்கை எறிகிறவன் மடையன். புத்தகத்தைத் திருத்துகிறவன்தான் வியாபாரி. புதுப் படிவம் ஒன்று வாங்கி வந்து மேசையில் விரித்தார்.

“அக்காட்டப் பேரைக் கேள் பிள்ளை. படிவத்துக்கு வேணும்.”

ஆரணி வெறுங்கதிரைப் பக்கம் காதைச் சாய்த்தாள். “தவமலர். வயசு பதினாலு.”

பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர் தானாகவே கொட்டாஞ்சேனை என்று எழுதினார். சாக்கில் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை இதையும் கூட்டினாள்.

“அப்பா, அக்கா கிளிநொச்சி எண்டெல்லோ சொல்லுறா.”

பேனை நின்றது. புலிகள் கையில் இருந்த அந்த ஊரின் பெயரை அந்த வருடம் கொழும்பில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் சட்டப்படி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிள்ளையின் கண் பேனை முனையிலேயே இருந்தது. அப்பா கண்டதை எழுதுகிறாரா, பயத்தை எழுதுகிறாரா என்று பார்த்தது. இராஜநாயகம் கொட்டாஞ்சேனையை வெட்டினார். கிளிநொச்சி என்று எழுதினார். பொலிஸ் ஸ்டேஷனில் அதை வாங்கியவன் தலை நிமிராமல் முத்திரை குத்தினான்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு பொலிஸ்காரர், வாசலில் ஜீப். இன்ஸ்பெக்டர் முதலில் ஆரணியிடம்தான் குனிந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஹதர தெனாய்,” என்றாள், கேட்டதே பெரிய சந்தோஷம் என்பது போல. நாலு பேர்.

அப்போதுதான் இராஜநாயகத்துக்குத் தன் மடத்தனம் உறைத்தது. சரக்குக் கூடினால் ஒரு சமாளிப்பு உண்டு. புத்தகத்தில் பெயர் இருந்து சரக்கு இல்லாவிட்டால், எங்கே அனுப்பினாய், யாருக்கு அனுப்பினாய் என்றல்லவா கேட்பார்கள்? எதிரே இருப்பது வெறுங்கதிரை.

இன்ஸ்பெக்டர் பேனையால் எண்ணினார். “எக்காய்.” இராஜநாயகம். “தெக்காய்.” சரோஜினிதேவி. “துனாய்.” ஆரணி. பேனை கதிரைப் பக்கம் திரும்பி, இருக்கிற ஒருத்தியின் முகம் வரக்கூடிய உயரத்தில் நின்றது.

“ஹதராய்.”

படிவத்தில் சரி போட்டார். இராஜநாயகத்துக்கு மூச்சு வந்தது. பிறகு இன்ஸ்பெக்டரின் கண் பிறந்த இடத்துக்கு வந்தது. கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நங்கி, வாங்க,” என்றார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில், மிச்சத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில். “சின்ன விசாரணைதான். பின்னேரம் அனுப்புறது.”

கதிரை அசையவில்லை. ஆனால் வாசலை மறித்து நின்ற பொலிஸ்காரன், யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கினான். ஜீப்பின் பின்கதவு திறந்தது. ஒருத்தி ஏற எடுக்கும் நேரம் திறந்தே இருந்தது. மூடியது. லொறிக்கு மூட்டை ஏற்றிப் பழகிய கண் இராஜநாயகத்துடையது. ஜீப்பின் பின்பக்கம் ஒரு விரலளவு பதிந்ததை அது கண்டது.

“துண்டு தந்தவையோ?” என்றாள் சரோஜினிதேவி, ஜீப் காலிக்குப் போகிற பெரிய வீதிக்குத் திரும்பிய பிறகு.

கால் கிலோ மிளகாய்க்கும் ரசீதுத் துண்டு கேட்டு வாங்குகிற மனிதர் வெறுங்கையைப் பார்த்தார். “கேக்கேல்ல.”

பின்னேரம் வந்தது, அக்கா வரவில்லை. ஆரணி கதிரையைத் தராசில் ஏற்றினாள். ஐந்து கிலோ. இறக்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஏற்றினாள். ஐந்து கிலோ.

“எந்தப் பின்னேரம் எண்டு சொன்னவை அப்பா?”

தாயும் தகப்பனும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக அல்ல.

ஆரணி கொப்பியை விரித்தாள். சனம் என்று எழுதி, யோசித்து, அதற்குக் கீழே மூன்று வரி எழுதினாள்.

பதிவில் நாலு.
வீட்டில் மூன்று.
வரவேண்டியது ஒன்று.