மேற்கே போன பந்தல்

தேவாரம் என்ற ஊரில் சின்னக்கருப்பின் திராட்சைப் பந்தல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கல்தூண்களோடும் பழுத்த குலைகளோடும் தரையை விட்டு எழும்பி, மேற்கு மலையைத் தாண்டிப் போனது. அன்று பன்னீர்த் திராட்சை கிலோ அறுபது ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடிக்காற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாழையிலைகூடக் கிழியவில்லை. சின்னக்கருப்பு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பந்தல் மறைந்த கையோடு அவருடைய செல்போன் அடித்தது. கனடாவிலிருந்து மகள் நாகஜோதி பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்கு ப்ளைட்டுல நெஞ்சுவலி வந்து பாதி வழியில எறக்கிட்டாகப்பா. ஏதோ பனி பெய்யிற ஊரு. ஆஸ்பத்திரியில சேத்துருக்காக. பிளேன எறக்குன செலவு கம்பெனியோடதாம், ஆஸ்பத்திரிச் செலவு நம்மளதாம். இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்குறாக."

மகளின் பேறுகாலம் பார்க்க முந்தின நாள்தான் அவர் மனைவி பவுனு கொச்சியில் விமானம் ஏறியிருந்தாள். இன்சூரன்ஸ் இல்லை. சின்னக்கருப்புக்குத் தெரிந்தது மாட்டு இன்சூரன்ஸ் ஒன்றுதான். காதில் மஞ்சள் வில்லை மாட்டுவார்கள்; மாடு செத்தால் வில்லையைக் காதோடு அறுத்துக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பணம். உயிரோடு நிற்கிற மாட்டுக்கு ஒரு பைசா வராது. அதனால், கம்பம் டவுனில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் சசிதரன், "அக்காவுக்கு இன்சூரன்சும் சேத்துப் போட்ரலாம்ணே, ஒரு சேலைக் காசுதான்" என்றபோது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, நல்ல காரியத்துக்குக் கெளம்புறவளுக்குக் காதுல வில்லை மாட்டி அனுப்பச் சொல்றியா?" என்றார். பக்கத்திலிருந்த பவுனும் தன் காதை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சசிதரன் டிக்கெட்டை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரி கேட்ட தொகையை நாகஜோதி சொன்னாள். "மொத்தத்துக்குமா தாயி?" என்றார். "ஒரு நாளைக்குப்பா" என்றாள். சின்னக்கருப்பு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தென்னைகள் வேர்மண்ணை உதறிவிட்டு, வரிசை கலையாமல் போயின. அவற்றின் பின்னால் சொட்டுநீர்க் குழாய்கள் உருவிக்கொண்டு போயின. பவுனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று செம்மண்ணே பாய் மாதிரி சுருண்டு எழுந்தது. அடியில் வெறும் பாறை தெரிந்தது. கொட்டத்தில் வில்லை மாட்டிய மாடுகள் மட்டும் இருந்த இடத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபோதுதான், இன்சூரன்ஸ் போட்டது மட்டும் தங்கியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பவுனுக்கு இப்போதாவது போட முடியுமா என்று சசிதரனுக்குப் போன் செய்தார். கிளம்புவதற்கு முன்னால்தான் போட முடியும் என்றார் அவர்.

மிச்சம் இருந்தது செவ்வாழை வைத்த அரை ஏக்கர். தம்பி ராக்கப்பன் ஆட்களைக் கூட்டிவந்து, அதை வடக்கயிற்றால் புளியமரங்களோடு இழுத்துக் கட்டினார். ஊரில் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த அரை ஏக்கர் முளையில் கட்டிய காளை போலக் கயிற்றை இழுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் நாகஜோதி மறுபடி கூப்பிட்டாள். அம்மா பிழைத்துவிட்டாள், ஆனால் படுத்துக்கொண்டுதான் ஊர் வர முடியும்; விமானத்தில் பல சீட்டுகளை மடக்கி ஸ்டிரெச்சர் போட வேண்டும், கூட ஒரு நர்சும் வரவேண்டும் என்றாள்.

சின்னக்கருப்பு அரிவாளை எடுத்தார். "இதயும் விட்டுட்டா என்னத்தண்ணே திம்ப?" என்று ராக்கப்பன் கையைப் பிடித்தார்.

"அவ அங்கன கெடக்கும்போது இங்கன எனக்கென்னடா சோறு" என்று சொல்லி, கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அரை ஏக்கரும் மலையைத் தாண்டிப் போயிற்று.

பவுனு ஆம்புலன்சில் வந்து இறங்கியபோது ஊரே கூடியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்து, "எங்கங்க நம்ம தோட்டம்?" என்றாள்.

"ஒன்னையக் கூட்டியாரப் போச்சு" என்றார் சின்னக்கருப்பு.

"பந்தலப் பாத்தேன்" என்றாள் பவுனு மெதுவாக. "பனிக்குள்ள வந்து ஆஸ்பத்திரிச் சன்னலோரம் நின்னுச்சு. டாக்டர், நர்சு எல்லாம் பறிச்சுப் பறிச்சுத் தின்னாக. நம்ம பழந்தான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சின்னக்கருப்பு ராக்கப்பனின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். தோட்டம் இருந்த பாறையில் ஊரார் மக்காச்சோளம் காயப்போடுகிறார்கள். தினமும் நடக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பதால், சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர் பவுனின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போகிறார். மேடு பள்ளம் இல்லாததால் அவளுக்கு நடக்கத் தோதாக இருக்கிறது.