மூன்றாவது மதகில் அடைப்பு

1

இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. பெறுநர் என்ற இடத்தில் "எங்கள் விளையாட்டை இறக்கிக்கொண்ட அனைவருக்கும்" என்றும், பொருள் என்ற இடத்தில் "நொடிக்கு முப்பது பிரேம் வைத்தது தொடர்பாக" என்றும் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டேன்.

எழுதித் தரச் சொன்னவள் எழில்மொழி. மயிலாடுதுறையில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில், தோழி கமருன்னிஸாவோடு சேர்ந்து, செல்போனில் ஆடும் விளையாட்டு ஒன்றை மூன்று வருடமாகச் செய்திருக்கிறாள். நிரல் இவள் பொறுப்பு, ஓவியம் அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை வெளியீடு. மனுவோ விளக்கக் கடிதமோ வேண்டியவர்கள் என்னிடம் வருவது வழக்கம்தான் என்றாலும், விளையாட்டுக்காக ஒருவர் வந்தது இதுவே முதல் தடவை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு முப்பதே போதுமானது என்பதால்".

எழில்மொழி அதைப் படித்தாள். தாளை நான்காக மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். அந்த வரியில் என்ன தப்பு என்று விளங்கிக்கொள்ளத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

அ) "எழில்மொழிக்குச் சிறு வயது முதலே கணினியில் ஆர்வம் மிகுதி." (அடித்துவிட்டேன். பரிசளிப்பு விழாவில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது.)

ஆ) "காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்குச் சற்று முன்பாக" (இதையும் விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் சோழர்கள் வந்து நிற்பார்கள். அவர்களை வெளியே அனுப்ப எனக்குத் திராணி இல்லை.)

இ) "எழில்மொழிக்குத் தமிழில் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான்: போதும்."

இது நிற்கட்டும்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பத்துக் கணினிகள் இருந்தன. ஆறு நன்றாக ஓடும், நான்கு இழுத்துக்கொண்டு கிடக்கும். அவள் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த நான்கில்தான் உட்கார வேண்டும். மவுஸை நகர்த்திவிட்டுக் காத்திருந்தால் அம்புக்குறி பின்னாலேயே விக்கி விக்கி வரும். வேறு இடம் கேட்டதற்கு, கற்றுக்கொள்ள இது போதும் என்றார்கள். மற்றவர்கள் ஒரு பாடத்தை முடிக்கும் நேரத்தில் இவள் பாதியில் நிற்பாள். மக்கு என்று பெயர் வந்தது. அம்புக்குறி நேரத்துக்கு வரவில்லை என்பதை யாரிடம் நிரூபிப்பது?

(உண்மையில் கணினிகள் எட்டு. பத்து என்றால் ஆறு, நான்கு என்று பிரிக்க வசதியாக இருந்தது. கணக்கு மட்டும்தான் என் கற்பனை.)

3

விளையாட்டின் பெயர் கடைமடை. ஒரு வாய்க்காலின் தலைப்பில் தண்ணீர் விடுவார்கள். வழியில் ஐந்து மதகுகள். எதைத் திறப்பது, எதை மூடுவது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஆடுகிறவர் பொறுப்பு. கடைசி வயலில் தண்ணீர் ஏறினால் ஜெயித்தார். அந்தத் தண்ணீரை எழில்மொழி படமாக வரைந்து ஓடவிடவில்லை. ஒவ்வொரு துளியையும் கணக்குப் போட்டு ஓடவிட்டாள். வரப்பில் மோதினால் சுழலும், மதகில் நுழைந்தால் பீறிடும்.

தண்டனையும் அதிலேதான் இருந்தது. திரையில் ஓடுவதெல்லாம் அடுத்தடுத்து மாறும் அசையாப் படங்கள்தான். ஒரு படம் ஒரு பிரேம். நொடிக்கு அறுபது பிரேம் மாறினால் கண்ணுக்கு வழுவழுவென்று ஓடும். முப்பது என்றால் ஓட்டம் கொஞ்சம் கனமாகத் தெரியும். நல்ல போனில் இவள் தண்ணீர் அறுபதில் ஓடியது. மலிவான போனில் அறுபதில் புறப்பட்டு, மூன்றாவது மதகில் தண்ணீர் குவிந்து கணக்கு கூடியதும், பதினைந்துக்கு விழுந்து விக்கியது.

எல்லாப் போனிலும் முப்பதிலேயே நிறுத்திவிடலாம், ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம் என்றாள் கமருன்னிஸா. எழில்மொழி ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் முப்பதை யார் மதிப்பார்கள் என்று தொடங்கிய பேச்சு ஒரு வாரம் நீண்டது. முப்பதில் ஓடுகிற பெரிய பெரிய விளையாட்டுகளைக் கமருன்னிஸா பட்டியல் போட்டாள். அதையெல்லாம் எவ்வளவு பேர் திட்டுகிறார்கள் என்று எழில்மொழி வேறொரு பட்டியல் போட்டாள்.

"நமக்கு இது போதும்னு நானே சொல்லணுங்கிற. அதானே கமரு?"

"போதும்னு எப்படி சொன்னேன்? சீரா இருக்கணும்னு சொன்னேன். நான் எது சொன்னாலும் உனக்கு உன் ஸ்கூல்காரங்க சொன்ன மாதிரியே கேக்குது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு போனில் செய்தி அனுப்பிப் பேசிக்கொண்டார்கள்.

[இந்த இடத்தில் முறைப்பாசனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அணையில் தண்ணீர் குறைந்தால் எல்லாருக்கும் முறை வைத்து அளந்து விடுவார்களே, முப்பது பிரேம் என்பதும் அதுபோலத்தான் என்று. உவமை நன்றாகவே வந்தது. ஆனால் முறை வைப்பதை மேலே இருப்பவர் தீர்மானிக்கிறார், கீழே இருப்பவர் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. எடுத்துவிட்டேன்.]

4

திங்கட்கிழமை மதியம் எழில்மொழியின் அப்பா தங்கையன் விதைநெல் விஷயமாக மயிலாடுதுறை வந்தவர், மகளைப் பார்க்க மாடி ஏறினார்.

இவரை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. வயதான விவசாயி ஒருவர் கதைக்குள் வந்தால், வாயைத் திறந்து ஏதோ பெரிய உண்மையைச் சொல்லப்போகிறார் என்று வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இவர் சொன்னது தப்பு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் கூலிக்கு நட்டவர், இப்போது குத்தகைக்கு ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலம் பார்க்கிறார். அவர் ஊர் வாய்க்காலின் கடைசி ஊர். ராத்திரி பகல் பாராமல் மண்வெட்டியோடு நடந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வருவதே பாதி வேளாண்மை. மகள் செய்த விளையாட்டை அவருடைய போனிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. முதல் மதகை மூடினார், இரண்டாவதைப் பாதி திறந்தார், எதிர்வாடை வயல்காரனைப் பெயர் சொல்லி ஏசினார். தண்ணீர் மூன்றாவது மதகுக்கு வந்ததும் திரை விக்கியது.

தங்கையன் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இங்கன ஏதோ அடைச்சிருக்கு பாப்பா."

அடைப்பு எதுவும் இல்லை, போன் திணறுகிறது என்று எழில்மொழி சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் அப்படி விக்கினால் அதற்கு ஒரே காரணம்தான் இருந்திருக்கிறது. ஆகாயத்தாமரையோ வைக்கோலோ சிக்கியிருக்கும். மதகை மூடித் திறந்தார். மேல் மதகுகளை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிட்டார். ஊரில் அடைப்பு அப்படித்தான் போகும். இங்கே தண்ணீர் குவியக் குவியக் கணக்கு ஏறியது, கணக்கு ஏற ஏறத் திரை விக்கியது. அவர் மேலும் தேக்கினார். இருபது நிமிடத்தில் கடைசி வயல் தண்ணீரில்லாமல் வெடித்து, பயிர் காய்ந்துபோனது என்று எழுத்து வந்தது.

"நான்தான் சரியா பாக்கல," என்றார்.

எழில்மொழி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்துக் கணினி (சரி, எட்டு) இருந்த அந்த அறையில் அவளும் இதையேதான் சொல்லிக்கொண்டு வளர்ந்தாள்.

5

கமருன்னிஸா தன் போனை நீட்டினாள். அது விலை கூடியது, அறுபது குறையாது. தங்கையன் வாங்கி, ஓடுகிற தண்ணீரின் மேல் விரலை வைத்து மதகைத் தூக்கினார். தண்ணீர் பீறிட்டது. அவர் சட்டென்று விரலை எடுத்துத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார்.

துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. கூச்சத்தோடு சிரித்தார்.

(முப்பதும் அறுபதும் கண்ணுக்கு ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தத் துண்டைக் காட்டுகிறேன்.)

அடுத்து கமருன்னிஸா அவருடைய சொந்த போனிலேயே முப்பதில் நிறுத்திவைத்துக் கொடுத்தாள். தண்ணீர் சற்றுக் கனமாக, ஆனால் விக்காமல் மூன்றாவது மதகைத் தாண்டியது. நான்காவது, ஐந்தாவது. கடைசி வயல் நிறைந்தது. விரலை அவர் துடைக்கவில்லை.

"அடைப்ப எடுத்துட்டீங்களாம்மா?" என்று கமருன்னிஸாவைக் கேட்டார். பிறகு மகளிடம், "அந்த போன்ல வந்த தண்ணி இதுல வராதா பாப்பா?"

எழில்மொழி இரண்டு போனையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே எழுந்தார்.

6

முடிவுகள்.

ஒன்று. எல்லாருக்கும் முப்பது என்று பூட்டிவிடுகிறாள். (செவ்வாய்க்கிழமை என்னிடம் கடிதம் கேட்டு வந்தது இந்த நினைப்பில்தான்.) தங்கையன் ஜெயிக்கிறார். துண்டுக்கு வேலை இல்லை.

இரண்டு. திறந்தே விடுகிறாள். நல்ல போன்காரர்களுக்கு அறுபது, தங்கையனுக்கு அடைப்பு.

மூன்று. இது எழில்மொழிக்கே தோன்றியது. போன் திணறும்போதெல்லாம் மூன்றாவது மதகில் நிஜமாகவே ஒரு கொத்து ஆகாயத்தாமரை முளைக்கட்டும். ஆடுகிறவர் அதைப் பிடுங்குகிற நேரத்தில் போன் மூச்சு வாங்கிக்கொள்ளும். யாருக்கும் குறை தெரியாது. அப்பா பார்த்தது சரி என்றும் ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்துப்போய், கதையை இங்கேயே முடித்துவிட நினைத்தேன்.

கமருன்னிஸா கேட்டாள்: "அப்ப நல்ல போன் வச்சிருக்கிறவன் சும்மா உக்காந்து ஆடுவான். உங்கப்பா அதுலயும் தூர்வாரணுமா?"

எழில்மொழி சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவே கேட்ட முதல் சிரிப்பு. கீழே போய்த் தேங்காய் பன்னும் இரண்டு டீயும் வாங்கி வந்தாள் என்பது என் யூகம்.

7

புதன்கிழமை எழில்மொழி மறுபடி வந்தாள். கடிதம் வேண்டாம் என்றாள். விளையாட்டைத் திறந்ததும் ஒரு கேள்வி வரும், அடியில் இரண்டு பொத்தான்கள். எல்லாப் போனிலும், விலை கூடியதிலும் மலிவானதிலும், அதே கேள்வி. அந்த இரண்டு பொத்தானுக்கும் எழுத்து வேண்டும். மலிவான போன் என்று தெரிந்ததும் நாமே முப்பதில் பூட்டிவிடலாமே என்று நான் கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட இதுவரைக்கும் யாரும் எது வேணும்னு கேட்டதில்லைங்க," என்றாள்.

ஏழு தாள் வீணாயிற்று. கடைசியில் நின்றவை இவை:

தண்ணீர் சீராக வரும். ஓட்டம் சற்றுக் கனமாகத் தெரியும்.

தண்ணீர் பளிச்சென்று ஓடும். உங்கள் போனில் நடுவில் விக்கலாம். விக்கினால் அது அடைப்பு அல்ல. நீங்கள் செய்த தப்பும் அல்ல.

எந்தப் பொத்தானை மேலே வைப்பது என்பதில் அவர்களுக்குள் இன்னொரு சண்டை நடந்ததாகக் கேள்வி. அதற்குள் நான் போகவில்லை.

8

வெள்ளிக்கிழமை காலை. தலைப்பில் விட்ட தண்ணீர் தங்கையன் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டுப் போனை எடுக்கிறார். கேள்வி வருகிறது. எழுத்துக் கூட்டி இரண்டையும் படிக்கிறார். இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை படிக்கிறார். "நீங்கள் செய்த தப்பும்" என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கிறார். விரலில் சேறு. துண்டில் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்.

சீராகப் போனால் கடைசி வயல் நிறையும். பளிச்சென்று ஓடினால், இரண்டு மதகு வரைக்குமாவது, கை நனையும். தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர். என் பேனா அவர் விரலைத் தள்ளினால், அன்றைக்கு எழில்மொழி மடித்து வைத்த "போதுமானது" தாளையே பிரித்து நீட்டியதாக ஆகும். ஆகவே எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன்.

உங்கள் கையில் என்ன போன் என்று எனக்குத் தெரியாது. பொத்தான்கள் இரண்டும் மேலே இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியதை நீங்கள் தொடுங்கள். அவருக்கு வேண்டியதை மட்டும் அவருக்கே விட்டுவிடுங்கள்.